சாவி இல்லாத கதவு

ஆறிப்போன டீயை நான் குடிப்பதில்லை. அதனால்தான் ஆனந்த்ராஜ் மீட்டிங் ரூமின் கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தபோதும், டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். உள்ளே பெங்களூரிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகள் முன்னால் பதறுவது மரியாதை இல்லையே, மேடம்.

வெளியே போய்க் கதவைச் சாத்தினேன். ஆனந்த்ராஜ் எங்களிடம் புரோகிராம் எழுதுகிறவன், நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அண்ணே, ஆயக்குடி ரூமுக்குள்ள சார்லஸ் அண்ணன் மாட்டிக்கிட்டாரு. உள்ளருந்து தட்டுறாராம். தொறந்துவிடுங்கண்ணே."

"ஃப்ரீஸ்ல இருக்கோம், ஆனந்த்," என்றேன்.

இந்த வார்த்தையை நான் விளக்கியாக வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு நடந்த குழப்பத்தில் பாதி இந்த வார்த்தையால் வந்தது.

எங்கள் கம்பெனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் சாவியை ஒழித்தவர்கள் நாங்கள். காய்கறி, பழங்களை வைக்கும் குளிர் அறைகளுக்கு நாங்கள் செய்கிற கதவுகளில் சாவித்துவாரமே கிடையாது. போனில் ஒரு பட்டனை அழுத்தினால் கட்டளை கிளவுடுக்குப் போகும். கிளவுட் என்றதும் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். அது மும்பையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கிற கம்ப்யூட்டர்கள், அவ்வளவுதான். கட்டளை மும்பை போய்த் திரும்பி வந்து ஆயக்குடிக் கதவைத் திறக்கும். பக்கத்தில் நிற்கிறவன் கையால் இழுத்தால் திறக்காது. அதுதான் பாதுகாப்பு. அந்த கிளவுட் முழுக்க என் பொறுப்பு, கதவுகளை ஓட்டுகிற புரோகிராமும் நான் எழுதியதுதான்.

வாங்குகிறவர்களுக்குச் செய்து காட்டும் நாளில், ஓடிக்கொண்டிருக்கிற எதிலும் யாரும் கைவைக்கக்கூடாது. எந்தக் கதவுக்கும் புதுக் கட்டளை போகாது. எது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கும். இதற்குத்தான் எங்கள் தொழிலில் ஃப்ரீஸ் என்று பெயர். அதை நடுவில் நீக்க இரண்டு பேர் சம்மதம் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவர் சார்லஸ். தனி ஒருவன் கையில் அதிகாரம் இருக்கக்கூடாது என்று நானேதான் அந்த விதியைப் போட்டேன்.

ஆனந்த்ராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான். போனில் இருந்த ஆயக்குடி வாட்ச்மேன் சங்கிலியிடம், "ஃப்ரீஸ்ல இருக்கோம்னு சொல்றாருங்க," என்றான்.

ஸ்பீக்கரில் சங்கிலியின் குரல் கேட்டது. "அது தெரியுதுங்க. கதவத் தொட்டாலே கை மரத்துப்போகுதுங்க. அதனாலதானுங்க தொறக்கச் சொல்றோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். தொழில்நுட்பம் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடிக்காது.

சார்லஸ் ஏன் அங்கே போனார் என்று கேட்டீர்கள். அவர் என் தங்கை ஐரினின் கணவர். இந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். அருமையான மூளை. ஆனால் குறை கண்டுபிடிப்பதில் ஒரு ருசி. உள்ளே ஆள் இருக்கும்போதே கதவு பூட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு, உள்பக்கம் ஒரு சாதாரணக் கைப்பிடி வைக்காமல் இதை யாருக்கும் விற்கக்கூடாது என்று மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். சாவியே வேண்டாம் என்று விளம்பரம் செய்கிற கதவுக்குக் கைப்பிடி! பெங்களூர்க்காரர்களிடமும் இதைச் சொல்லப்போவதாக முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். ஐரின் வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கோபப்படவில்லை.

"நடத்திக் காட்டுங்க மாப்ள. காட்ட முடியாத குறை குறையே இல்ல," என்றேன்.

இது என் சொந்தக் கருத்து இல்லை, எங்கள் தொழிலின் முறையே அதுதான். ஒரு கோளாறு இருக்கிறது என்பவன், அதை மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் புகாரை மூடிவிடுவோம்.

"காட்டுறேன் மச்சான். மீட்டிங்குக்கு முன்னாடி வந்துருவேன்," என்றார்.

மறுநாள் காலையில் ஆயக்குடி போனார். கொய்யாக் கூழை உறைய வைப்பதற்காகப் புதிதாகக் கட்டிய அறை. சரக்கு இன்னும் ஏற்றவில்லை, குளிர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய சட்டையோடு உள்ளே போயிருக்கிறார். செத்த நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். கதவு பூட்டியது. அந்தச் சுவருக்குள் போன் எடுக்காது. அதற்கப்புறம் ஃப்ரீஸ் தொடங்கியது.

"சம்மதம் கொடுங்கண்ணே," என்றான் ஆனந்த்ராஜ். நான் கொடுத்துவிட்டேன், மேடம். அவன் கண்ணெதிரிலேயே என் பங்குக்கு அழுத்தினேன். 'இரண்டாவது நபருக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது. நான் எதையும் தடுக்கவில்லை.

அவன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டபடி படியிறங்கி ஓடினான். நான் உள்ளே போய் மீட்டிங்கைத் தொடர்ந்தேன். மிக நன்றாகப் போனது. எல்லாக் கதவுகளும் திரையில் பச்சையாக இருந்தன. நடுவில் சங்கிலி எனக்கே போன் செய்தார்.

"இப்ப தட்டற சத்தம் நின்னுருச்சுங்க," என்றார்.

நன்றி சொல்லி வைத்தேன். சத்தம் நின்றால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எங்கள் வேலையில் எடுத்துக்கொள்வோம்.

கதவை வெட்டித் திறந்தபோது என்ன பார்த்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அடக்கத்தின்போது கோயிலில் நான் முன்வரிசையில் இருந்தேன். பெட்டியின் ஒரு முனையை நானும் தூக்கினேன். ஆபீசில் எல்லோரும் இதை மென்பொருள் கோளாறு என்றார்கள். பொறுத்துக்கொண்டேன். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் ஐரின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எழுதுன புரோகிராம்தானண்ணே அவரக் கொன்னுருச்சு," என்றாள்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. யாரும் கூப்பிடாமல் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அதனால்தான். ஒரு மனிதன் ராப்பகலாக உழைத்து எழுதியதைப் பற்றி இப்படியொரு பழி நிற்கக்கூடாது.

நான் அவரைச் சாகடிக்க நினைக்கவில்லை. மீட்டிங் முடியும்வரை அவர் ஆயக்குடியிலேயே இருந்தால் போதும் என்று நினைத்தேன். மீட்டிங் நீண்டுவிட்டது. சாப்பாடு வேறு வாங்கித் தர வேண்டியிருந்தது.

நீங்கள் எழுதும்போது ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மேடம். கதவு தானாகப் பூட்டவில்லை. சார்லஸ் சொன்ன குறை அதில் இல்லவே இல்லை. உள்ளே அவர் நிற்பதை அது சரியாகக் கண்டுபிடித்தது. என் போனுக்குச் செய்தி அனுப்பி, 'உள்ளே ஆள் இருக்கிறார், பூட்டலாமா' என்று முறையாகக் கேட்டது.

நான்தான் 'ஆம்' என்று அழுத்தினேன். அது சொன்னபடி செய்தது.