தட்டை வாயுவும் சந்தனப் பொட்டும்

அணுக்களைக் குளிர வைக்கும் ஆய்வுக்கூடம் என்றார்களே என்று முதல் நாள் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனேன், சார். அங்கே ஆராய்ச்சி செய்யும் நித்தியா சிரித்த சிரிப்பு கோலா சிலாங்கூர் மார்க்கெட் வரை கேட்டிருக்கும்.

"புஷ்பாக்கா, குளிரு ரூமுக்கு இல்ல லா. அந்தக் கண்ணாடி டப்பாவுக்குள்ள இருக்கிற வாயுவுக்கு."

லேசரால் அந்த வாயுவை எங்குமே இல்லாத குளிருக்குக் கொண்டுபோய், ஒளிக்குள் தோசை மாதிரித் தட்டையாக்குவாள். அணுக்கள் மேலேயும் போகாது, கீழேயும் போகாது. பக்கவாட்டில் மட்டும் ஓடும். அப்போது அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

நான் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க்கான உதிரிப் பழம் பொறுக்கி முதுகு போனவள். கூடத்தைத் துடைக்கும் வேலை எனக்குச் சொர்க்கம். செரண்டா ஊர்க்காரியான நித்தியா என் வீட்டிலேயே தங்கினாள். சமைக்கும்போது எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நான் தனியாகக் கிடந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது.

ஆயுத பூசையன்று எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். லென்சுக்கும் ஒன்று வைத்துவிட்டேன்.

"அடக்கடவுளே, அணுவுக்குக் கல்யாணமாக்கா?"

லேசர் பட்டதும் பொட்டோடு லென்ஸ் கருகிவிட்டது. ஆராய்ச்சி முடிந்ததும் ஜெர்மனிக்குப் போகப்போவதை அன்றுதான் சொன்னாள். புது லென்ஸ் வரும்வரை என்னோடு இருந்தாள். நல்ல மாதங்கள், சார்.

அதன்பின் சந்தனம் தேவைப்படவில்லை. மேசை துடைக்கும்போது, லேசரைத் திருப்பிவிடும் சின்னக் கண்ணாடியின் திருகை விரல் நுனியால் லேசாக அசைப்பேன். தோசை கலைந்துவிடும். நித்தியா தலையைச் சொறிந்துகொண்டு வருவாள். நான் நண்டுக் குழம்பு வைப்பேன். ஓடு உடைத்து, விரல் நக்கி, சிரித்துச் சிரித்துச் சாப்பிடுவோம்.

போன மாதம் என்னை மீறி வாயு ஒழுங்காகப் படிந்துவிட்டது.

"இன்னும் ஒரே ஒரு தடவ அளந்துட்டா முடிஞ்சிச்சுக்கா. டிக்கெட்டும் போட்டாச்சு!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அன்று திருகை நன்றாகவே திருப்பினேன். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது எங்கே போகிறதென்று தேட, பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். அவசரத்தில் அப்படித்தான் செய்வாள், பார்த்திருக்கிறேன். பார்வை போய்விடும் என்று கதவில் ஒட்டியிருப்பதை எனக்கு வாசிக்கக் கற்றுத்தந்ததே அவள்தான்.

வலது கண் போயிற்று. டிக்கெட்டை ரத்து செய்தாள். கூடத்துப் பக்கம் போகவே நடுங்குகிறாள். படியிறங்க என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

யார் செய்தது என்று கேட்டீர்கள். நான்தான், தெரிந்தேதான் செய்தேன். சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள், சார். நித்தியாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரமாயிற்று. என்னைத் தவிர வேறு யார் கை பட்டாலும் பிள்ளை பயந்துவிடும்.