‘வலிக்கிறது’ வேறு, ‘வலிக்குது’ வேறு

எட்டு முழ வேட்டியும் ஏழு ஊர் நிலமும் எடுப்பாகத் துலங்க வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவரும், இந்த இருதய மருத்துவ முகாம் விழாத் தலைவருமான மிராசுதார் உத்திராபதி அவர்களே! அறுப்புத் தகராறு வழக்கில், ‘இவன்தான் முதல் எதிரி’ என்று நீதிமன்றத்தில் என்னைச் சுட்டிக்காட்டிய அதே விரலால், இன்று ‘பேச வாங்க’ என்று ஒலிபெருக்கியைச் சுட்டிக்காட்டிய பெருந்தகையே! இடம் தந்த பள்ளியின் தலைமையாசிரியர் அரசப்பன் அவர்களே! மன்னார்குடி வட்டாரத்து மக்களுக்கு நெஞ்சம் இருக்கிறதா இல்லையா என்று கருவி வைத்தே கண்டறிய வந்திருக்கும் மருத்துவக் குழுவினரே! அறுப்பு முடித்து, அரிவாளைக்கூட வீட்டில் வைக்காமல் அப்படியே வந்திருக்கும் ஆற்றல்மிகு தோழர்களே! அதைக் கொஞ்சம் கீழே வையுங்கள், தலைவர் அதையே பார்க்கிறார். முன்வரிசையை முழுதாய்ப் பிடித்து முறுக்கு முறிக்கும் மூதறிவு மிக்க தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தராசு, கொஞ்சம் பழுதுபட்ட நெஞ்சத்தின் ஆழத்திலிருந்து வணக்கம் சொல்கிறேன்!

மாரடைப்பைப் பற்றிப் பேச மருத்துவரை விட்டுவிட்டு, மைக்கைக் கடிக்கிற இந்த மனிதனை ஏன் அழைத்தார்கள்? பின்வரிசைத் தோழர் கேட்கிறார். நல்ல கேள்வி. மருத்துவர் மாரடைப்பைப் படித்திருக்கிறார், நான் பட்டிருக்கிறேன்!

எழுபத்து மூன்றாம் ஆண்டு. பூதலூர்க் கடைவீதி. கூலி உயர்வுக் கூட்டம். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், முக்கால் மணி நேரம் ஆனதும் நான் நெஞ்சைப் பிடிப்பேன். ‘வலிக்கிறதே! உழுதவன் வயிறு ஒட்டிக் கிடக்க, உட்கார்ந்தவன் வயிறு ஊதிக் கிடக்க, என் நெஞ்சம் வலிக்கிறதே!’ என்பேன். கைதட்டல் கடைவீதியைத் தாண்டி ரயிலடி வரைக்கும் கேட்கும். அன்றைக்குப் பத்தாவது நிமிடமே பிடித்தது. நான் நெஞ்சைப் பிடிக்கவில்லை தோழர்களே, நெஞ்சு என்னைப் பிடித்தது! நட்ட நடு மார்பில் நெல் மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு பாரம்.

‘தோழர்களே, நெஞ்சு வலிக்கிறது’ என்றேன். கைதட்டல்! ‘உண்மையாகவே வலிக்கிறது’ என்றேன். விசில்! ‘இனி என்னால் பேச முடியாது’ என்றேன். ‘பேசு! பேசு!’ என்று முழக்கம்! முழங்கால் மடங்கிச் சரிந்தேன். ஒரு தோழர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். ஆகா, தூக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மாலை போட்டார்!

சிரியுங்கள், சிரியுங்கள், சிரிப்பு இருதயத்துக்கு நல்லது. அன்று அந்தக் கூட்டத்தில் கைதட்டாதவள் ஒருத்திதான், என் மனைவி அம்சம். மாலை கழுத்தில் விழுந்தபோது, ‘யம்மாடி... வலிக்குதுடி அம்சம்’ என்று முனகியிருக்கிறேன். அதையும் ஒலிபெருக்கி ஊருக்கே சொல்லியிருக்கிறது. அவள் விருட்டென்று எழுந்தாள். ‘யோவ், கைதட்டுறத நிறுத்துங்கய்யா! இந்த மனுசன் வலிக்கிறதுன்னா அது பேச்சு. இப்ப வலிக்குதுங்கறாரு. நெசமாவே வலிக்குதுய்யா, தூக்குங்க!’ என்றாள். நூறு மேடைகளில் நான் வளர்த்த செந்தமிழ் என்னைக் கொல்லப் பார்த்தது. எங்கள் அடுப்படித் தமிழ் காப்பாற்றியது.

வாழைத்தார் ஏற்றி நின்ற வேனில் என்னையும் ஒரு தாராகப் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். அவசரத்தில் மாலையைக் கழற்ற மறந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட்டார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் அந்தக் கும்பிடு சரியாகத்தான் இருந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மாரடைப்பு என்றால் என்ன? காவிரித் தண்ணீர் குடித்தவர்களுக்கு அடைப்பைப் பற்றி அடுத்தவர் சொல்ல வேண்டுமா? உடம்பு முழுக்க ரத்தம் இறைக்கிறது இருதயம். அந்த இருதயத்துக்கு ரத்தம் பாய்ச்சச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் இருக்கின்றன. வருடக்கணக்காக அதில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் ரத்தம் அங்கே உறைந்து அடைத்துக்கொண்டால், அதற்குக் கீழே இருக்கிற சதை கருகத் தொடங்குகிறது. கருகிய நாற்றையாவது பிடுங்கிவிட்டு வேறு நடலாம். கருகிய இருதயத்துக்கு மறுநடவு கிடையாது.

யாருக்கு வரும்? ‘அது மிராசுதாருங்க வியாதி’ என்கிறார் ஒரு தோழர், வாயிலிருக்கும் பீடியை எடுக்காமலே! அடைப்புக்கு வர்க்க பேதம் தெரியாது தோழரே. புகைத்தால் வரும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்காமல் விட்டால் வரும். எண்ணெயும் உப்பும் எல்லை மீறினால் வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால் வரும். தலைவர் மன்னிக்க வேண்டும், மோனைக்காகச் சொன்னேன். தாய்மார்களே, உங்களுக்கும் வரும். வலியே இல்லாமல், மூச்சு முட்டலாக, சொல்ல முடியாத அசதியாகக்கூட வரும்.

வந்தால் நாம் என்ன செய்கிறோம்? வாயு என்கிறோம்! வாயு என்று சொல்லி வெந்நீர் வைக்கிறோம், வாயு என்று சொல்லி ஓமம் மெல்லுகிறோம், வாயு என்று சொல்லி சோடா உடைக்கிறோம். ஏப்பம் வந்தால் எமன் போய்விட்டான் என்று படுத்துக்கொள்கிறோம். நெஞ்சை அழுத்தும் வலியா? இடது தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் ஏறும் வலியா? குப்பென்று குளிர்ந்த வியர்வையா? குடிக்காதே சோடாவை, கூப்பிடு வண்டியை!

என்ன தலைவரே, சீட்டு அனுப்புகிறீர்கள்? பேச்சைச் சுருக்கச் சொல்லித் தலைவர் சீட்டு அனுப்புவது மேடை வழக்கம். படிக்கிறேன், கேளுங்கள். ‘சுருக்கவும். ஒரு சோடா கொண்டுவரச் சொல்லவும்.’

தோழர்களே, ஒரு நிமிடம். கைதட்டாதீர்கள். இந்தத் தை மாதப் பனிக்கு நான் துண்டைப் போர்த்திக்கொண்டு பேசுகிறேன். தலைவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். ‘வாயுதான், நீங்க பேசுங்க’ என்கிறார். நான் பேசமாட்டேன் ஐயா!

காலையில் நாடாவை வெட்டி முகாமைத் திறந்து வைத்தவர், முகாம் நடக்கும் ஏழாம் வகுப்பு அறைக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. நூற்றுப் பதினாறு பேர் போய்ப் பார்த்துக்கொண்டார்கள், இவர் போகவில்லை. ஏன்? ஊருக்கே தெரியும், நான் வாய்விட்டுச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் டாக்டர் செவ்வந்தி, இவர் பண்ணையாள் மருதையனுடைய மகள். அந்தப் பெண்ணுக்கு முன்னால் சட்டையைக் கழற்றக் கௌரவம் விடவில்லை. ஐயா, அந்தக் கௌரவத்துக்கு இது நேரமா?

என்ன சொன்னீர்கள்? முனகினாலும் மைக் வாங்கிக்கொண்டது. ‘வலிக்குதுய்யா கோவிந்தராசு’ என்கிறார். கேட்டீர்களா? வலிக்கிறது என்று சொல்லவில்லை, வலிக்குது என்கிறார்!

டாக்டர் செவ்வந்தி! ஓடி வாங்கம்மா! எழுந்திருக்காதீர்கள் ஐயா, ஓரடி நடக்கக் கூடாது. சங்கத் தோழர் வீரையா, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மேடைக்கு வா. ‘தலைவர் பதவியிலிருந்து தூக்கு, தூக்கு’ என்று பத்து வருடமாகக் கோஷம் போட்டோமே, இன்றைக்குத்தான் வேளை வந்திருக்கிறது. டாக்டர் சொன்னதும் நாற்காலியோடு பதமாகத் தூக்குங்கள், ஆட்டாதீர்கள்! அரசப்பன் சார், மருத்துவக் குழு வந்த வேனை மேடை ஓரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சோடாக்காரரே, நீங்கள் திரும்பிப் போங்கள்.

யோவ் உத்திராபதி! மரியாதை குறைகிறது, மன்னித்துக்கொள். உனக்கும் எனக்கும் இன்னும் மூன்று வழக்கு நிலுவையில் நிற்கிறது. நீ இல்லாமல் நான் யாரை எதிர்த்துப் பேசுவேன்? பிழைத்து வந்து என்னைத் திட்டுய்யா, நான் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அழுகை வருது தோழர்களே, இது பேச்சு இல்லை.

டாக்டர் வந்துவிட்டார். ‘ஐயா, சட்டையக் கழட்டலாமுங்களா?’ என்று கேட்கிறார். தலைவர் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். கையை எடுத்துப் பொத்தானை அவரே கழற்றுகிறார். ‘தொட்டுப் பாருங்கம்மா’ என்கிறார். மருதையன் மகளைப் பார்த்து, பாருங்க என்கிறார்!

எனக்கு இன்னும் ஒரு மணி நேரப் பேச்சு பாக்கி இருக்கிறது. அது கிடக்கட்டும். பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், வழிவிட்டு நிற்கும் தோழர்களுக்கும் நன்றி. பீடியை அணைத்துவிட்டு எல்லாரும் ஏழாம் வகுப்பு வாசலில் வரிசையில் நில்லுங்கள். பேச்சை நிறுத்தச் சொல்லி டாக்டர் கையைக் காட்டுகிறார், தலைவர் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். வணக்கம். மைக்கை நிறுத்துப்பா.