கட்டைத் தாளம்

வரதராஜன்பேட்டையில் ஒரு பாட்டைப் பதிவு செய்வது லேசான வேலை இல்லை. சுண்ணாம்புக்கல் லாரி போகும், யார் வீட்டு விசேஷத்துக்கோ குழாய் ரேடியோ அலறும். அதனால் எங்கள் வீட்டின் பின்னறையைச் சத்தம் புகாத அறையாக நானே மாற்றினேன். ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தேன், சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டினேன், கனமான வேங்கைக் கதவு போட்டேன். நான் எந்த வேலையையும் சுத்தமாகச் செய்கிறவன், ஐயா. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி ஆனி ரோஸ் பாடகி. சினிமாவுக்குப் பாடுகிறவள் இல்லை; தானே எழுதி, மெட்டுப் போட்டு, இணையத்தில் வெளியிடுகிறவள். அவளுக்குப் பாட்டு வந்தது கோயில் பாடகர் குழுவிலிருந்து. பெரிய வெள்ளிக்கிழமை அவள் பாடினால் பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள். ஆனால் சொந்தமாக எழுதியதெல்லாம் முந்திரிப் பூ, மழை, தும்பி. கேட்டவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். அவர்களும் பாதியில் நிறுத்திவிட்டு 'சூப்பர்' என்று போட்டவர்கள்.

சென்னையிலிருந்து ஒரு விமர்சகர் எழுதினார்: குரல் இருக்கிறது, வலி இல்லை. தாடி வைத்தவர். வலியைப் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் தாடி இருக்கிறது. இருந்தாலும் அவர் சொன்னது சரி. ஆனிக்கு வலி எங்கிருந்து வரும்? அப்பா செல்லம். கல்யாணமான பிறகும் அப்பாவைத் தன்னோடே வைத்துக்கொண்டவள்.

அவள் அப்பா மரியசூசை, ஊர்க் கோயிலில் உபதேசியார். சாமியார் வராத நாளில் செபம் சொல்லி வைப்பவர். பெரிய வியாழன் இரவிலிருந்து ஈஸ்டர் உயிர்ப்புப் பூசை வரை கோயில் மணி அடிக்கக் கூடாது. அதற்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஊரைக் கூப்பிடுவார்கள். பல வருஷமாக அது மாமாவின் வேலை. அவருக்கு வீசிங். மூன்று தட்டு தட்டுவார், நின்று மூச்சு வாங்குவார், மறுபடி மூன்று. ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது.

என் வேலையை அவர் மதித்ததே இல்லை. "என்னா மாப்ள, எந்நேரமும் பட்டன திருவிக்கிட்டே இருக்கீங்க. பாடறது அந்தப் புள்ளதானே?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரித்திருக்கிறேன். மனசுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

போன டிசம்பரில் ஒரு மதியம் ஆனி அரியலூருக்குப் போயிருந்தாள். பனிக்காலம், மாமாவுக்குக் காலையிலிருந்தே இழுப்பு. மூச்சு முட்டினால் அவர் உறிஞ்சுகிற பஃப் மருந்து எப்போதும் சாப்பாட்டு மேசையில் இருக்கும். அன்று இல்லை. தேடிப் பார்த்திருப்பார். பிறகு என்னைத் தேடி வந்தார். நான் பின்னறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவின் உள்பக்கம் ஒரு மைக் வைத்திருந்தேன். அதைக் காலையிலேயே வைத்துவிட்டேன்.

மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. "மாப்ள, பஃப்ப பாத்தீங்களா?" என்று ஒருமுறை கேட்டது. அதைப் பிறகு வெட்டிவிட்டேன். தாளத்துக்கு நடுவே பேச்சு நன்றாக இருக்காது. போகப்போகத் தட்டு மெலிந்தது. அவ்வளவு இயல்பாக மெலிவதை எந்த மேளக்காரனாலும் வாசிக்க முடியாது. கடைசித் தட்டுக்கு அப்புறமும் பதிவைக் கொஞ்சம் ஓட விட்டேன்.

வீசிங் முற்றி இறந்தார் என்று டாக்டர் சொன்னார். பஃப் கட்டிலடியில் கிடந்ததாக நானே எடுத்துக் கொடுத்தேன். அடக்கத்தில் ஆனியைவிட நான் அதிகமாக அழுதேன் என்று ஊரில் பேச்சு. அழுகையைப் பற்றி இந்த ஊருக்கு என்ன தெரியும்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஆனி ஒரு பாட்டு எழுதினாள். 'ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேனே' என்று தொடங்கும். அவள் காதில் ஹெட்போனை மாட்டி அந்தத் தாளத்தை ஓட விட்டேன். இரண்டாவது வரியிலேயே குரல் உடைந்தது. ஏன் உடைகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டேன். வேறு வாத்தியமே சேர்க்கவில்லை.

தவக்காலத்தில் வெளியிட்டோம். லட்சம் பேர் கேட்டார்கள். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே 'கதறிட்டேன்' என்று எழுதினார்கள். தாடிக்காரர் ஒரு பக்கம் எழுதினார்: பெயர் தெரியாத ஒரு தாளக்கருவி, இதயம் துடிப்பது போல. சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. ஆனியும் கேட்டாள்: "ஏங்க, இது எதுல அடிச்சீங்க?"

"பலகையில. நானே வாசிச்சேன்" என்றேன்.

தப்பு அங்கேதான். உங்க அப்பா கட்டை தட்டியதைப் போன வருஷமே பிடித்து வைத்திருந்தேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நாக்கு நுனி வரை வந்தது. என் உழைப்பை எதற்கு அவருக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

பெரிய வெள்ளிக்கிழமை கட்டை தட்டப் புது ஆள் வந்தான், டேவிட்ராஜ். நல்ல நுரையீரல். எங்கள் தெருவை ஒரே மூச்சில், நிற்காமல் தட்டிக்கொண்டு கடந்தான். ஆனி வாசலில் நின்று அவன் தெருமுனை திரும்பும் வரை கேட்டாள். பிறகு உள்ளே வந்து ஹெட்போனை மாட்டினாள். வெகுநேரம் கழற்றவில்லை.

"நின்னு நின்னு தட்டறதுதான் வழக்கம்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். டேவிட்ராஜ் நிக்காமத்தான் போறாரு. நிக்கறது வழக்கம் இல்ல, அது எங்க அப்பாவோட மூச்சு." குரலை உயர்த்தவே இல்லை. "இது நீங்க வாசிச்சது இல்லைங்க. நீங்க சொன்ன பலக இந்தக் கதவுதான். எங்கப்பா கதவ தட்டறாரு."

அவள் அழவில்லை. என் கம்ப்யூட்டரைத் திறந்து, வெட்டாத பதிவைத் தேடி எடுத்தாள். அதில் அவர் பேசியது இருந்தது. நல்ல பதிவை அழிக்க எனக்கு எப்போதும் மனம் வராது.

மிச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பஃப் என் சட்டைப் பையில் இருந்தது. அவர் தட்டியது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் திறக்கவில்லை. கொன்றேன் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்குத் தகராறு இல்லை. ஒரே ஒரு குறைதான். ஸ்டேஷனுக்கு உங்களிடம் வருவதற்கு முன் ஆனி அந்தப் பாட்டுக்குக் கீழே 'தாளம்: செபஸ்டின்' என்று என் பெயர் இருந்ததை எடுத்துவிட்டு, 'தாளம்: மரியசூசை' என்று போட்டிருக்கிறாள். அதை மாற்றச் சொல்லுங்கள், ஐயா. அந்த மனுஷன் மூச்சுக்காகக் கதவைத் தட்டினார், அவ்வளவுதான். தாளமாக்கியவன் நான்.