கரும்பு வண்டிக்கு அடியில் ஓர் அரண்மனை

ஓடுகிற ஒரே மின்விசிறிக்குக் கீழே இடம் அமைந்தும் அதைப் பெருமையாகக் காட்டிக்கொள்ளாத தலைவர், சங்கராபுரம் கலைமன்றத்தின் தீனதயாளன் அவர்களே! மூங்கில்துறைப்பட்டிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்து, இங்கேயும் நின்றுகொண்டிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சுவரெங்கும் தம் படங்களை மாட்டிவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுபோலத் தூணுக்குப் பின்னால் நிற்கும் ஓவியர் ஏஞ்சலின் அவர்களே! அனைவரையும் வணங்கித் தொடங்குகிறேன்.

ஏஞ்சலின் ஊர் ஊராகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். உலகத்தின் தொல்லை தாங்காதபோது எங்கே போய் ஒளிந்துகொள்வீர்கள்? அவரவர் சொன்ன இடத்தை வரைந்திருக்கிறார். இடம் மட்டும்தான், ஆள் கிடையாது. இந்தப் படத்தில் ஒரு குளியலறை. குழாயில் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே குளிக்கிறார்கள் என்று வீடே நம்ப வேண்டும் அல்லவா? அந்தப் படத்தில் கல்வராயன் மலைப் பாதையோரம் ஒரு ஸ்கூட்டர். பழுதில்லை, பெட்ரோலும் இருக்கிறது. ஆனாலும் நிற்கிறது.

கோட்டை கட்டியவன் கோமகன் என்றால், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டவள் கோமகள் இல்லையா? மன்னனுக்கு மட்டும்தான் மறைவிடமா? மனிதனுக்கு வேண்டாமா?

மேடைக்கு வலப்புறம் பொன்னாடை போர்த்திய படத்தைப் பாருங்கள். ஏதோ சிறப்புக்காக மூடியிருக்கிறோம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பயத்தில் மூடியது. மூடியவர் முதல் வரிசையில் இருக்கும் மணலூர்பேட்டை விவசாயி பூமாலை. அருகில் அவர் துணைவியார் அமிர்தம். இருவரும் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன்.

கரும்பு வண்டிகள் ஆலை வாசலில் வரிசை கட்டிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வெட்டிய கரும்பு வெயிலில் நிற்க நிற்க எடை குறையும். ஆகவே முந்துவதுதான் பிழைப்பு. அந்த வரிசையில் முட்டிக்கொள்ளாத மாடு உண்டா? முறைத்துக்கொள்ளாத மச்சான் உண்டா? ஒருவர் உண்டு. பூமாலை. பின்னால் வந்தவனுக்கெல்லாம் வழிவிடுவார். "நீ போ மாமா. எம் மாடு இன்னும் அசை போட்டுகினு இருக்குது."

இந்தத் தியாகத்துக்கு இதே மன்றம் 'வரிசையின் வள்ளல்' என்று பட்டம் தந்து பொன்னாடை போர்த்தியது. வாழ்த்துரை அடியேன். அவரைக் கர்ணனுக்குச் சமமாக்கிப் பேசினேன். கைதட்டலும் கிடைத்தது.

உண்மை என்ன? பாரம் ஏற்றிய வண்டிக்கு அடியில் ஒரு சாக்கு. நாலாபுறமும் திரைச்சீலையாய்த் தொங்கும் கரும்புத் தோகை. உள்ளே பச்சை வெளிச்சம், பாகு வாசனை. அங்கே படுத்துக் கிடக்கத்தான் எல்லாருக்கும் வழிவிட்டிருக்கிறார். ஏஞ்சலினிடம் அவர் சொன்னது இது: "அங்க கெடந்தா நான் யாருக்கும் ஒண்ணும் ஆவலம்மா. அப்பனும் இல்ல, மாமனும் இல்ல. சும்மா கெடப்பேன்."

இப்போது வரிசை இல்லை. மாடுகள் இல்லை. வண்டி மட்டும் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. மலைப் பாதையில் ஒரு விடுதிக்காரர் அதை வாசலில் அலங்காரமாக நிறுத்தக் கேட்டார். அமிர்தம்மாள் சரி என்றுவிட்டார். நாளைக்கு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே! வாய் திறந்தால் வள்ளல் பட்டம் போகும். திறக்காவிட்டால் வண்டி போகும். வாயில்லா ஜீவன் மாடு மட்டும்தானா?

இன்று காலையில் இங்கே வந்து, தன் வண்டிப் படம் சுவரில் தொங்குவதைப் பார்த்த பூமாலை பதறிப்போனார். மனைவி மத்தியானம் வருவதற்குள் மூடிவிட வேண்டும். கையோடு கொண்டுவந்திருந்த துணி ஒன்றுதான். விழாவுக்குத் தோளில் போட்டுவந்த அதே பொன்னாடை.

அமிர்தம்மாள் முந்தின பேருந்திலேயே வந்துவிட்டார். தன் வீட்டுப் பொன்னாடையைத் தெரியாத மனைவி உண்டா? ஓரத்தில் எலி கடித்த அடையாளம் வேறு. விலக்கினார். ஆள் இல்லாத அந்தப் படத்தில், சாக்கின் மேல், அவர் வீட்டு நசுங்கிய தூக்குவாளி இருந்தது. தலைவரும் நானும் தேநீரோடு சிலையானோம்.

"வரிசை நவுரலன்னு ஆள் மேல ஆள் சொல்லி அனுப்புவீங்களே, இதுதானா?"

வள்ளல் பொன்னாடையை மறுபடி இழுத்து மூடினார்.

"புளிசோறு ஏன் அவ்ளோ ஜாஸ்தியா கட்டி அனுப்புனேன்னு என்னைக்காவது கேட்டீங்களா? அது ரெண்டு நாளு கெடாது. நீங்க சீக்கிரம் வந்துடக் கூடாதுன்னுதான்."

பின்வரிசை அண்ணன் சிரிக்கிறார். சிரியுங்கள் அண்ணா. உங்கள் வீட்டிலும் புளிசோறு கட்டுவார்கள்.

கணவருக்குக் கருவாட்டு வாசனை ஆகாதாம். அவர் ஆலைக்குப் போனதும் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும். வாசல் கதவு சாத்தப்படும். கூடத்தின் நட்டநடுவில் கால் நீட்டிப் படுப்பாராம் அந்த அம்மா. "அந்த ரெண்டு நாளுதாங்க அது என் வூடு" என்று எங்களிடம் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அன்பர்களே! அந்த வரிசையை ஒழிக்க வேண்டும் என்று எத்தனை கூட்டம் போட்டோம்! எத்தனை முழக்கம் எழுப்பினோம்! ஒழிந்தது. நல்லதுதான், இன்று கரும்பு காய்வதில்லை. ஆனால் அதோடு சேர்ந்து இரண்டு அரண்மனைகள் இடிந்தன. தோகைக்குள் ஒன்று, கூடத்துக்குள் ஒன்று. அதற்கு யார் கூட்டம் போட்டோம்? யார் முழக்கமிட்டோம்? ஒருத்தி தூரிகை எடுத்து வந்து கேட்கும்வரை, அரசனுக்கு அரசியின் அரண்மனை தெரியாது; அரசிக்கு அரசனுடையது தெரியாது.

அங்கேயே நின்று அமிர்தம்மாள் விடுதிக்காரருக்கு ஃபோன் போட்டார். "வண்டி வராதுங்க. அதுல ஆளு குடியிருக்காரு." பிறகு கணவர் பக்கம் திரும்பி, வண்டியைத் தோப்புக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தச் சொன்னார். சோறு அங்கேயே வந்துவிடுமாம். என்ன சோறு என்று பூமாலை கேட்கவில்லை.

அமிர்தம்மாள் அவர்களே, மேடைக்கு வாருங்கள். அந்தப் பொன்னாடையை நீங்களே விலக்கிக் கண்காட்சியைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஓர் ஆணி காலியாக இருக்கிறது. கருவாட்டு வாசனையை எப்படி வரைவது என்று ஏஞ்சலின் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வீடு திரும்பும்போது சாத்திய கதவு ஒன்று உங்கள் முன் நிற்கலாம். அதைத் தட்டாமல் திரும்புகிறவர்களுக்கு என் நன்றி. உள்ளே இருப்பவர்களுக்கு என் வணக்கம்.