பட்டன் கழட்ட நேரமில்ல

இல்ல சார், இங்க பேன்ட் நீளமெல்லாம் குறைச்சுத் தரமாட்டோம். இது டெய்லர் கடையே இல்ல, ஓவியக் கண்காட்சி. அய்யோ, நீங்க ஏன் சார் மன்னிப்பு கேக்குறீங்க? காலையிலேருந்து நீங்க நாலாவது ஆளு. சட்டைகள்னு மட்டும் எழுதுங்கன்னுதான் போர்டு எழுதுறவர்கிட்ட சொன்னேன். அவரு பாசத்துல பக்கத்துலயே ஒரு கத்திரிக்கோலையும் வரைஞ்சு விட்டுட்டாரு. அதுக்குக் காசு வேண்டாமாம்! எனக்கு எப்படி எரியும் சொல்லுங்க.

வந்ததுதான் வந்தீங்க, ஒரு சுத்து பாருங்க. நாப்பது படம், எல்லாம் நான் வரைஞ்சது. ஆமா, வெறும் சட்டைதான், உள்ள ஆளு கிடையாது. படம் பார்க்கன்னே வந்தது எங்க வீட்டுக்காரரும் அவரோட அக்காவும்தான். அவங்களும் ஃபேனுக்குக் கீழ கொஞ்ச நேரம் உக்காந்துட்டுக் கிளம்பிட்டாங்க.

முன்னாடி என்ன பண்ணேனா? டாக்டரா இருந்தேன் சார். நிஜமாத்தான், அவசர சிகிச்சைப் பிரிவுல பதினோரு வருஷம். பார்த்தீங்களா, உங்க மூஞ்சியும் மாறிடுச்சு. எங்கம்மா என்கிட்ட பேசி நாலு மாசம் ஆச்சு. மாமியார் பக்கத்து வீட்டுல நான் லீவுல இருக்கேன்னு சொல்லி வெச்சிருக்காங்க. பெரிய டாக்டர் நேத்து போன் பண்ணி, திங்கக்கிழமை வந்து சேரலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்னுட்டாரு. நல்ல மனுஷன், அவரைச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா நான் போகமாட்டேன் சார். அதுதான் ஒருத்தருக்கும் புரியமாட்டேங்குது. துணி வரையறதுக்கா இவ்ளோ படிச்சேன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?

அங்க முதல் வேலையே துணிதான். அடிபட்டு வர்றவங்களுக்குப் பட்டன் கழட்ட நேரமிருக்காது. கீழேருந்து கழுத்து வரைக்கும் ஒரே வெட்டு. சைஸ் ஸ்டிக்கர்கூட உரிக்காத புதுச் சட்டை ஒண்ணு, அது மட்டும் ஞாபகத்துல நிக்குது. மத்ததெல்லாம் வெட்டினேன், தள்ளினேன், அவ்ளோதான். கண்ணு காயத்துல இருக்கும். சட்டையை யாரு பார்த்தா?

என்னது, நீலமா? அட, நீங்கதான் சார் முதல்ல கவனிச்சது. ஆமா, நாப்பதுல ஒண்ணுகூட நீலம் இல்ல. வேணும்னேதான்.

ஒருத்தர் லாரி மோதி வந்தாரு. காப்பாத்த முடியல. அவர் சம்சாரம் வந்தாங்க. அழக்கூட இல்ல. காலையில ஏதோ சண்டையாம், அவர் கிளம்புறப்ப இவங்க திரும்பியே பார்க்கலையாம். என்ன கலர் சட்டை போட்டிருந்தாரு டாக்டர்னு கேட்டாங்க. வேற எதுவும் கேக்கல. நான் ஓடிப் போய்த் தேடினேன் சார், அதுக்குள்ள குப்பையோட அள்ளிட்டுப் போயிட்டாங்க. வெட்டினதே நான்தான், எனக்கு ஞாபகம் வரல. அந்தம்மா என் வாயையே பார்த்துட்டு நிக்குறாங்க. நீலம்னு சொல்லிட்டேன்.

வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்திருப்பாங்க இல்ல சார்? அவரோட நீலச் சட்டை அங்கயே தொங்கிட்டு இருந்திருந்தா?