புதன்கிழமைக் கட்டம்

"அக்கா, கையை இவ்வளவு நேரம் தேய்க்கிறீங்களே, அப்படி என்ன பண்ணீங்க?" என்று ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி என்னைக் கேட்டாள். அப்போது நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கைகழுவும் முறையைச் செய்துகாட்டப் போயிருந்தோம். சிரித்தேன். அதுவரை நான் ஒன்றும் பண்ணியிருக்கவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் மாணவியாக உங்கள் விழிப்புணர்வு, மனப்பான்மை, பழக்கங்கள் எப்படி இருந்தன என்று உங்கள் ஆய்வுப் படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெயர் எழுத வேண்டாம் என்றும் போட்டிருக்கிறீர்கள், நல்ல ஏற்பாடு. 'வேறு ஏதேனும்' என்ற பெட்டி சிறியது, அதனால் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

விழிப்புணர்வுக்கு அந்த வருடம் தேர்வே வைத்தார்கள். எனக்கு முப்பதுக்கு முப்பது. மனப்பான்மைக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' போட்டேன். படிக்கிற காலத்தில் அதைப் போடாதவர் யார்? பழக்கம் மட்டும் கொஞ்சம் வேறு. காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வாசனை தெரியாமல் போனதா என்று வார்டில் தினமும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நாங்கள் திங்கட்கிழமை காலையிலேயே சனிக்கிழமை வரைக்கும் 'இல்லை' போட்டுவிடுவோம். ஜோசியக்காரர்கள்கூட அவ்வளவு துணிய மாட்டார்கள். கோப்பு, வகுப்புத் தலைவியான என் பொறுப்பில் இருந்தது.

நாள் தவறாமல் நிரப்பியவர் ஒருவர்தான்: வார்டைத் துடைக்கும் அக்கா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசிப்பேன், அவர் சொல்லுவார், நானே எழுதுவேன். மழை கொட்டிய ஒரு மாலையில் தன் குடையை என் கையில் திணித்துவிட்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு போனவர். சின்னச் சின்ன அன்புகளால்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறவள் நான். நெகிழ்ந்துபோனேன்.

ஒரு புதன்கிழமை அவர் துடைத்தபடியே, "பினாயில் இன்னைக்குத் தூக்கலா இருக்குல்ல கண்ணு? தொண்டை கரகரங்குது. அதையும் போட்டுடு" என்றார்.

"பினாயில்தானேக்கா, அதைப் போய் எதுக்கு?"

"கேட்டா உள்ளதைச் சொல்லணும்ல."

அவர் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன்; பினாயில்தானே என்று மேலே யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பினாயில் நெடியே தெரியவில்லை. ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து மூக்கருகே பிடித்தேன். பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. முப்பதுக்கு முப்பது வாங்கியவளுக்கு அதன் அர்த்தம் தெரியாமலா இருக்கும்? ஆனால் என் புதன்கிழமைக் கட்டத்தில் ஏற்கெனவே 'இல்லை' இருந்தது. அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும். பதினான்கு நாள் தனியறை, அப்புறம் வருகைப்பதிவு குறைந்து தேர்வு அடுத்த வருடத்துக்குப் போய்விடும். அதையெல்லாம்விட, ஏழாம் படுக்கைத் தையல்காரர் எனக்காகக் காத்திருப்பார்.

கால் முறிந்து கிடந்த வயதானவர். காது மந்தம், உதட்டசைவைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். மற்றவர்கள் முகக்கவசத்துக்குள்ளிருந்தே கத்திவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு மனசு கேட்காது. அன்றும் கவசத்தை இறக்கிவிட்டு, அவர் முகத்தருகே குனிந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"உன் சிரிப்பைப் பார்த்தாத்தாம்மா பசிக்கவே செய்யுது" என்றார்.

வியாழனும் இறக்கினேன், வெள்ளியும் இறக்கினேன். அடுத்த வாரம் அவருக்கு மூச்சுத் திணறியது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

விசாரணைக்கு வந்தவர்கள் கோப்பைக் கேட்டார்கள், கொடுத்தேன். மொத்தக் கோப்பிலும் ஒரே ஒரு 'ஆம்'தான் இருந்தது. அக்காவை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னதைத்தானே நான் எழுதினேன்? அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. என்னைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றவில்லை; என் பக்கம் அவ்வளவு சுத்தம். மூன்று வாரத்தில் எனக்கு வாசனை திரும்பியது. முதலில் தெரிந்தது பினாயில்தான்.

ஆக, ஏழாம் படுக்கைக்கு நோயைக் கொண்டுபோனது அக்கா இல்லை, நான். இருவருக்காகவும் இன்றுவரை பிரார்த்திக்கிறேன். தையல்காரரின் பெயர் மறந்துவிட்டதால் ஏழாம் படுக்கை என்றே சொல்கிறேன், கடவுளுக்குப் புரியும். இப்போது மாணவிகளுக்குத் தொற்றுத் தடுப்புப் பாடம் நடத்துகிறேன்.

ஒரு பாக்கி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். கதவு பூட்டியிருந்தது. தெருவில் ஆளில்லை. அவர் தந்த குடையின் கைப்பிடியை ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, அதைத் தாழ்ப்பாளில் மாட்டினேன்.

இனி அவருக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை.