சிவக்காத கண்கள்

காபியைக் குடியுங்கள். சிறுவாணித் தண்ணீரில் போட்டது, ஆறவிடக் கூடாது.

அன்றைக்குக் கண் மருத்துவமனையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கண்ணையாவாகிய நான், காலமாகிவிட்ட என் தம்பியின் மனைவி ராமாமணி, அவளுடைய மூத்த மகள் ஹாரிகா, டாக்டர். வேறு யாரும் இல்லை. இளையவள் அக்ஷிதா கல்லூரிக்குப் போயிருந்தாள். அவளைத்தான் இப்போது உங்கள் மகனுக்குக் கேட்டிருக்கிறீர்கள்.

பெருந்துறையில் யாரோ உங்கள் காதில் ஏதோ போட்டிருக்கிறார்கள். யாரென்று கேட்கமாட்டேன். கேள்விப்பட்ட பிறகும் நேரில் வந்து விசாரிக்கிறீர்கள், அதுதான் மரியாதை. நானும் மறைக்காமல் சொல்கிறேன். நின்றுகொண்டே பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்ச காலமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

ஹாரிகாவுக்குச் சசிதரோடு கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் அவளுடைய இரண்டு கண்களும் சிவந்தன. வெளிச்சம் பட்டால் கூசியது. கிருமி எதுவும் இல்லை, உடம்பு தன் கண்ணையே தாக்குகிறது, உள்ளே அழற்சி என்றார் டாக்டர். ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார். நல்ல மருந்து. ஒரே வாரத்தில் விழி பால்போல வெளுத்தது.

ராமாமணிக்குக் கை நடுங்கும் என்பதால் மருந்தை நானே விட்டேன். வேளை தவறியதில்லை. என் பம்ப்பு பட்டறையில் பேரிங்குக்கு எண்ணெய் விடுவதுபோல ஒரு சொட்டு, சிந்தாமல்.

“பம்ப்பு செய்யறத உட்டுப்போட்டு நர்ஸ் வேலைக்குப் போயிருக்கலாமுங்க மாமா” என்பாள் ராமாமணி.

“நர்சுன்னா சிரிச்ச மூஞ்சியா இருக்கோணும்மா. பெரியப்பாவப் பாத்தா நோயாளி எந்திரிச்சு ஓடிப்போவாங்க” என்பாள் ஹாரிகா, மல்லாந்து படுத்தபடியே. நானும் சிரித்திருக்கிறேன்.

மருந்தைக் குறைத்ததும் சிவப்பு திரும்பி வந்தது. மறுபடி காட்டப் போனோம். பரிசோதனை முடிந்து, கண் கூசுகிறதென்று ஹாரிகா வெளியே போய் உட்கார்ந்தாள். ராமாமணியும் துணைக்குப் போனாள். டாக்டர் சொன்னதைக் கேட்டது நான் மட்டும்தான்.

“இந்தச் சொட்டு இவங்களுக்குக் கண்ணுல அழுத்தத்த ஏத்துதுங்க. இதையே விட்டுட்டு இருந்தா நரம்பு செத்துரும், வலிகூடத் தெரியாது. படிப்படியா நிறுத்திட்டு மாத்திரைக்கு மாத்திக்கலாம். ஆனா மாத்திரை சாப்பிடற வரைக்கும் கொழந்த உண்டாகக் கூடாது. கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்குங்களேன்.”

சரிங்க என்றேன். மாத்திரை எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நீங்களும் நாலு பேருக்கு முன்னால் நிற்கிறவர், யோசித்துப் பாருங்கள். கல்யாணத் தேதி சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய் என்னவென்று சொல்வது? பிள்ளை பெறக் கூடாத மருந்தைப் பெண் சாப்பிடுகிறாள் என்றா? மணவறையில் சிவந்த கண்ணோடு அவளை உட்கார வைத்தால் சபை சும்மா இருக்குமா?

“டாக்டர் என்னங்க பெரியப்பா சொன்னாரு?”

“அதே மருந்தையே உடச் சொல்லிட்டாரு கண்ணு.”

சிங்காநல்லூர் மருந்துக்கடையில் புதுச் சீட்டு கேட்க ஆரம்பித்ததும், பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் போய் வாங்கினேன். மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களிடம் கொடுத்திருந்தது என் நம்பர். பெண் வெளியூர் போயிருக்கிறாள் என்றேன். ஜன்னலைத் திறந்துவிடட்டுமா? புழுக்கமாக இருக்கிறது.

நாலைந்து மாதம் கழித்து முகூர்த்தப் புடவை எடுக்கப் போன இடத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள்.

“பக்கத்துல ஆளு வந்தாத் தெரியமாட்டேங்குதுங்க பெரியப்பா. நேராப் பாத்தாத்தான் தெரியுது.”

“கல்யாணப் பொண்ணு நேராப் பாத்தாப் போதும் கண்ணு” என்றேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் சொன்னது இதுதான் என்று எனக்கு அப்போதே புரிந்தது. வீட்டுக்கு வந்து வழக்கம்போல மருந்து விட்டேன்.

அதோ சுவரில் கல்யாணப் படம். பக்கத்தில் போய்ப் பாருங்கள். கண்ணில் ஒரு சிவப்பு இழை காட்டுங்கள் பார்ப்போம். ஆடிச் சீர் கொண்டுபோனபோதும் பழத்தட்டுக்கு அடியில் மருந்துப் புட்டிகளை வைத்தேன். புகுந்த வீட்டில் கண் சிவக்கக் கூடாதல்லவா.

அங்கே மாடிப்படியில் விழுந்தாள். சசிதர் அதே டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான். முன்பு என்னிடம் சொன்னதையெல்லாம் டாக்டர் அவனிடமும் சொல்லிவிட்டார். ஒரு கண் முழுதும் போய்விட்டது. இன்னொன்றில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் தெரிகிறதாம். அதுவும் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாதாம்.

சசிதர் தனியாக வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்தான் உட்கார்ந்தான்.

“கண்ணு செவக்கறது எனக்கு நிச்சயத்துக்கு முன்னாலயே தெரியுமுங்க. ஹாரிகாவே சொல்லிப்போட்டா. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே தேதியத் தள்ளி வச்சிருப்பமுங்க.”

நல்ல பையன். அவளைக் கைப்பிடித்துத்தான் கூட்டிப்போகிறான், விட்டுவிடவில்லை. ஆனால் ஊர் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. ஹாரிகா இங்கே வருவதில்லை. ராமாமணி என்னோடு பேசுவதில்லை, வேளைக்குச் சாப்பாடு மட்டும் வருகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நடந்தது நடந்த வீட்டோடு இருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். பேச்சு அக்ஷிதாவின் கல்யாணத்தில் வந்து நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

இவர்கள் பரம்பரையில் கண் நோய் இருக்கிறது, அக்காவுக்குப் போனதுபோல் தங்கைக்கும் போகும் என்று உங்களிடம் சொன்னார்கள். அது தவறு. ஹாரிகாவின் பார்வையை நோய் எடுக்கவில்லை. நிறுத்தச் சொன்ன மருந்தைத் தெரிந்தே விட்டு அதைப் போக்கியது நான், அவள் தகப்பனோடு கூடப் பிறந்தவன். எங்கள் ரத்தத்தில் எந்தக் குறையும் கிடையாது.